எட்டாத பனுவல்: ஊனவியலும் தமிழாய்வுப் புலத்தின் பொறுப்பும்

முன்னுரை

ஊனம் பற்றிய கொள்கைச் சிக்கல்கள் சட்டம், சமூகப்பணி, சிறப்புக் கல்வி ஆகிய துறைகளுக்கு உரியவை என்னும் எண்ணம் தமிழாய்வுப் புலத்தில் பரவலாக நிலவுகிறது. தமிழ்த்துறைகள் இப்பொருளைத் தொடும்போது, பெரும்பாலும் புனைகதைகளில் வரும் ஊனமுற்ற மாந்தரைத் தொகுத்து, அவர்தம் துயரை எடுத்துரைப்பதோடு நிறைவு கொள்கின்றன. அத்தகைய ஆய்வுகளுக்கும் பயன் உண்டு. ஆயினும், பாத்திரமாக வரும் ஊனமுற்றவரை ஆராயும் புலம், மாணவராக வரும் ஊனமுற்றவருக்கு எதைப் படிக்கத் தருகிறது, எவ்வாறு தேர்வு வைக்கிறது, எந்தச் சொல்லால் அழைக்கிறது என்னும் வினாக்களைத் தன்னை நோக்கி எழுப்பிக்கொள்வது அரிதாகவே உள்ளது. இம்மூன்றும் தமிழ்த்துறைகளின் கையில் உள்ளவை. பார்வையற்ற மாணவர்களை முன்னிறுத்தி, சொல், பனுவல், தேர்வு என்னும் மூன்று நிலைகளில் இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் கணக்கும்

புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியிடம் எண்வகை எச்சங்களைப் பற்றிப் பேசுகிறார். கூன், குறள், செவிடு முதலியவை அவ்வகைப்பாட்டுள் அடங்கும். பயனற்ற பிறப்பு என்னும் கருத்தோடு அவை அங்கு இணைக்கப்படுகின்றன. மாறாக, திருக்குறளின் 618ஆம் குறள் பொறியின்மை எவர்க்கும் பழியாகாது என்கிறது. ஆனால் அங்குள்ள ‘பொறி’ என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் விதி என்று பொருள் கொள்கிறார். உடலுறுப்பு என்று கொள்ளும் பிற்கால வாசிப்பும் உண்டு. ஒரே சொல் உடலையும் ஊழையும் குறிக்க இடந்தந்து நிற்பது கருதத்தக்கது. உடற்குறையை முன்வினையின் விளைவாகக் காணும் மனப்பாங்கு தமிழ்ச் சொல்வழக்கில் எத்துணை ஆழமாகப் படிந்துள்ளது என்பதற்கு இவ்வுரை வேறுபாடே ஒரு சான்றாகலாம்.

இக்கால வழக்கில் ‘ஊனமுற்றோர்’ என்பதன் இடத்தை ‘மாற்றுத்திறனாளி’ பெற்றுள்ளது. தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டை ஒட்டி இச்சொல்லை அலுவல்முறையில் ஏற்றது. இழிவழக்குகள் பல புழங்கிய சூழலில் மதிப்புமிக்க விளிச்சொல் ஒன்று கிடைத்தது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. பலரும் அதைத் தம் அடையாளமாக ஏற்றுக்கொண்டுள்ளனர். அவ்வுரிமையை எவரும் மறுத்தற்கில்லை. ஈழத்தமிழில் ‘வலுவிழந்தோர்’, ‘விசேட தேவையுடையோர்’ என்னும் வழக்குகளும் உள்ளன.

எனினும், விளிச்சொல்லுக்கு உரிய தகுதியும் ஆய்வுச்சொல்லுக்கு உரிய தகுதியும் வேறானவை. பிரித்தானியாவில் 1976இல் வெளியான உடற்குறையுற்றோர் இயக்கத்தின் அடிப்படைக் கோட்பாட்டு அறிக்கையும், அதையொட்டி மைக் ஆலிவர் 1980களில் வளர்த்தெடுத்த சமூக மாதிரியும் ஒரு வேறுபாட்டை வலியுறுத்தின. கண் காணாமை உடலின் நிலை; படிக்க நூல் கிடைக்காமை சமூகம் விளைத்த நிலை. முன்னதைக் குறைபாடு என்றும் பின்னதை ஊனம் என்றும் பிரித்தறிய வேண்டும் என்பது அக்கோட்பாடு. ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல்லால் இவ்வேறுபாட்டை உணர்த்த இயலாது. அது தனிமனிதரின் திறனைப் பற்றிப் பேசுகிறது. திறனைத் தடுக்கும் அமைப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மேலும், இழப்பை ஈடுசெய்யும் மாற்றுத்திறன் ஒன்றை ஒவ்வொருவரும் பெற்றிருக்க வேண்டும் என்னும் மறைமுகமான எதிர்பார்ப்பையும் அது சுமத்துகிறது.

இங்குக் கைவிடப்பட்ட பழைய சொல்லின் அமைப்பை மீண்டும் நோக்குதல் தகும். ‘ஊனமுற்றோர்’ என்பதில் உள்ள ‘உறு’ என்னும் வினை, துயருற்றோர், இடருற்றோர் என்பவற்றிற்போல, ஒன்று நேரப்பெற்றமையைக் குறிக்கிறது. ஊனம் என்பதைச் சமூகத் தடை எனக் கொள்ளின், தடையால் தாக்குண்டோர் என்னும் பொருளை அச்சொல் இயல்பாகவே தருகிறது. வழக்கில் படிந்துவிட்ட இழிவு காரணமாக அதை விளிச்சொல்லாக மீட்க வேண்டியதில்லை. ஆய்வெழுத்தில் மட்டும் ‘குறைபாடு’, ‘ஊனம்’, ‘ஊனமாக்கம்’ ஆகியவற்றை வரையறுத்து ஆளலாம். இச்சொற்களை வரையறுக்கும் பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது. இதுவரை அது முறையாகச் செய்யப்படவில்லை.

சொல்லின் வரையறை கணக்கையும் தீர்மானிக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2.68 கோடி, மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அதே ஆண்டில் வெளியான உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிக்கை உலக மக்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினரை இவ்வகையில் அடக்கியது. இத்துணை வேறுபாட்டிற்கு உடல்நிலை வேறுபாடு காரணமாக இருக்க முடியாது. கேட்கப்பட்ட வினாவும், வினாவில் இடம்பெற்ற சொல்லும், அச்சொல்லைத் தம்மீது ஏற்றுக்கொள்ள மக்கள் கொண்ட தயக்கமும் எண்ணிக்கையைக் குறைத்திருக்க வேண்டும். கணக்கில் வராதவருக்குத் திட்டமும் வராது. எனவே கலைச்சொல் பற்றிய விவாதம் ஒரு கொள்கை விவாதமும் ஆகும்.

கேட்டுக் கற்ற மரபு

பார்வையற்ற புலவர்கள் தமிழ் இலக்கிய வரலாற்றுக்குப் புதியவர் அல்லர். இரட்டையருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். ஒருவர் தோளில் மற்றவர் அமர்ந்து சென்றதாகவும், ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்ததாகவும் வழங்கும் செய்திகள் யாவரும் அறிந்தவை. 17ஆம் நூற்றாண்டின் அந்தகக்கவி வீரராகவ முதலியார் திருக்கழுக்குன்றப் புராணம், சேயூர் முருகன் உலா, சந்திரவாணன் கோவை முதலியவற்றை இயற்றினார். அவருக்கு முதுகில் எழுதிக் காட்டி எழுத்தறிவித்தனர் என்பது செவிவழிச் செய்தி. 19ஆம் நூற்றாண்டில் பழனியில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இளமையில் அம்மை நோயால் பார்வை இழந்தவர்.

இப்புலவர்களைப் பாராட்டும் கட்டுரைகள் பெரும்பாலும் அவர்தம் தனித்திறனை வியப்பதோடு நின்றுவிடுகின்றன. அவர்கள் கற்ற முறையை நோக்குவதே ஊனவியலுக்கு உகந்தது. ஓலைச்சுவடிக் காலத்தில் பார்வையுள்ளவரும் கேட்டும் மனனம் செய்துமே கற்றனர். ஆசிரியர் சொல்ல மாணவர் ஏற்பதும், பாடியதை ஏடெழுதுவோர் எழுதிக்கொள்வதும் பொதுநடைமுறை. ஆகவே பார்வையின்மை கல்வியின் வாயிலை முற்றிலும் அடைத்துவிடவில்லை. அச்சுநூலும் தனிமையில் நிகழும் மௌன வாசிப்பும் எழுத்துத் தேர்வும் கல்வியின் ஒரே வழியாக மாறியபோதுதான், அதே பார்வையின்மை பெரும் தடையாயிற்று. உடலின் நிலை மாறவில்லை. கற்பிக்கும் ஊடகம் மாறிற்று. சமூக மாதிரியை விளக்க அயல்நாட்டு எடுத்துக்காட்டைத் தேட வேண்டாதபடி தமிழ்க் கல்வி வரலாறே சான்று தருகிறது.

இதனால் பண்டைநிலையைப் பொற்காலமாகக் காட்டுதல் பொருந்தாது. நினைவில் நின்றோர் புரவலரும் குடும்பச் சூழலும் வாய்க்கப்பெற்ற மிகச் சிலர். அவர்களிடையே ஒரு பெண்ணின் பெயர் எளிதில் அகப்படுவதில்லை. சாதியாலும் வறுமையாலும் கல்வி மறுக்கப்பட்ட பார்வையற்றோர் எத்தனை பேர் என்பதற்குப் பதிவே இல்லை. தனிமனிதரின் நற்பேற்றால் அன்று சிலருக்குக் கிட்டியதை உரிமையின்பாற்பட்டு அனைவருக்கும் கிட்டச் செய்வதே இன்றைய கொள்கையின் கடமை.

பனுவல் எட்டாமை

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951இல் உருவாயிற்று. இம்முறையில் தமிழ் எழுதும்போது மெய்யை அடுத்து உயிர் தனிக்குறியாக அமைகிறது. அச்சில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் நிற்க, பிரெயிலில் ககரத்தின் பின் ஒகரம் வருகிறது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் தோன்றும் என்னும் தொல்காப்பியக் கருத்தைப் பிரெயில் விரலுக்கு நேரே உணர்த்துகிறது. எழுத்திலக்கணம் கற்பிக்கும் வகுப்பறைகள் இவ்வரிவடிவத்தை ஒரு சான்றாகக்கூடக் காட்டுவதில்லை.

பிரெயில் நூல்கள் அளவிற் பெரியவை. அச்சிடச் செலவு மிகுந்தவை. ஆகவே உயர்கல்வியில் பார்வையற்ற மாணவர்கள் இன்று பெரிதும் நம்பியிருப்பது கணினியும் கைப்பேசியும் திரைவாசிப்பு மென்பொருளுமே. என்விடிஏ போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன, தமிழையும் ஒலிக்கின்றன. தடை வேறிடத்தில் உள்ளது. திரைவாசிப்பு மென்பொருள் படிப்பது ஒருங்குறியில் அமைந்த எழுத்துகளை மட்டுமே. படமாக வருடப்பட்ட பக்கத்தில் அதற்கு எழுத்தே இல்லை. பழைய எழுத்துருக்களில் தட்டச்சான பனுவலோ, பார்வைக்குத் தமிழாகத் தோன்றினும், உள்ளே ஆங்கில எழுத்துகளாகவும் குறியீடுகளாகவும் உள்ளது. மென்பொருள் அதைப் பொருளற்ற ஒலிக்கோவையாக உச்சரிக்கும்.

தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை 2010இல் தரமாக ஏற்றது. அதன்பின்னும் தமிழ் ஆய்விதழ்கள் பலவும், கருத்தரங்கக் கோவைகளும், முனைவர்பட்ட ஆய்வேடுகளும் பழைய எழுத்துருக்களிலேயே அச்சாக்கப்படுகின்றன. ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியால் அவை சோத்கங்கா களஞ்சியத்தைச் சேர்கின்றன. ஆனால் படவடிவிலோ பழைய எழுத்துருவிலோ சேர்பவை மிகுதி. இதன் விளைவு விந்தையானது. தன்னார்வலர் உழைப்பால் 1998 முதல் வளர்ந்துவரும் மதுரைத் திட்டத்தின் வழியே பார்வையற்ற மாணவர் ஒருவர் குறுந்தொகையைத் தாமே படிக்க முடிகிறது. அக்குறுந்தொகையைப் பற்றி ஒரு பல்கலைக்கழகம் வெளியிட்ட கட்டுரையைப் படிக்க முடிவதில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழமையான மூலம் எட்டுகிறது. அண்மையில் எழுதப்பட்ட ஆய்வு எட்டுவதில்லை.

பதிப்புரிமை இதற்குத் தடை என்று சொல்வதற்கும் இடமில்லை. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஊனமுற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றித் தர விலக்களிக்கிறது. இதே நோக்குடைய மராக்கேசு உடன்படிக்கை 2013இல் உருவாயிற்று; 2014இல் அதற்கு முதலில் பின்னேற்பு அளித்த நாடு இந்தியா. தமிழ்நாட்டில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கு இவ்விலக்குக்கூடத் தேவையில்லை. சட்டம் வாயிலைத் திறந்துவைத்துள்ளது. பனுவலை ஆக்குவோர் அதன் வழியே செல்லவில்லை.

தேர்வறையில் இலக்கணம்

பார்வையற்ற மாணவர்கள் பெரும்பாலும் சொல்வதை எழுதுபவரின் துணையோடு தேர்வு எழுதுகின்றனர். நடுவண் அரசு 2018இல் வெளியிட்ட நெறிமுறைகள் ஒரு மணி நேரத்திற்கு 20 நிமிடத்திற்குக் குறையாமல் கூடுதல் நேரம் தந்தன. தேர்வர் தாமே அழைத்துவரும் எழுதுநர், தேர்வரின் கல்வித்தகுதிக்கு ஒருபடி குறைந்தவராக இருக்க வேண்டும் என்றும் அவை கூறின. முறைகேட்டைத் தடுக்கும் நோக்கில் அமைந்த இவ்விதி, இலக்கியத் தேர்வில் எதிர்பாராத அநீதியை விளைக்கக்கூடும்.

முதுகலைத் தமிழ்த்தேர்வில் மாணவர் சொல்வதை இலக்கியப் பயிற்சியில்லாத ஒருவர் எழுதும்போது, வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் எழுதுபவரின் அறிவைப் பொறுத்தே அமைகின்றன. ஒலியில் நெருங்கிய லகர ளகர ழகரங்களும் ரகர றகரங்களும் மயங்குகின்றன. சங்கப் புலவர் பெயர்களும் நூற்பாக்களும் சிதைகின்றன. அசை பிரித்து அலகிடும் வினாவில், நேர், நிரை என மாணவர் சரியாகச் சொல்லினும், அட்டவணையில் அவை இடம்மாறி விழுகின்றன. விடைத்தாளைத் திருத்துபவர் காணும் பிழை மாணவருடையதன்று. மதிப்பெண் குறைவதோ மாணவருக்கு. பிழையின்றி எழுதுவதே அறிவின் அளவுகோலாகக் கொள்ளப்படும் ஒரு துறையில் இது சிறு குறையன்று; மாணவரின் பட்டத்தையும் பணிவாய்ப்பையும் பாதிப்பது.

இதற்குத் தீர்வு தமிழ்த்துறைகளின் பாடக்குழுக்களிடமே உள்ளது. ஒற்றுமிகல் போன்றவற்றைச் சோதிக்கும் வினாக்களைத் தனியே வாய்மொழியாகக் கேட்டுப் பதிவு செய்யலாம். யாப்பு வினாவில் அட்டவணைக்கு மாற்றாகத் தொடர்நிலை விடையை ஏற்கலாம். கணினியில் தாமே தட்டச்சு செய்ய விரும்புவோருக்குத் திரைவாசிப்பு மென்பொருளுடன் கூடிய தேர்வை அளிக்கலாம். இவை சலுகைகள் அல்ல. மாணவரின் இலக்கண அறிவை, எழுதுநரின் எழுத்தறிவிலிருந்து பிரித்து அளக்கும் முறைகள்.

சட்டமும் நிறுவனமும்

ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் பின்னேற்றது. அதையொட்டி அமைந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21ஆக விரித்தது. உயர்கல்விச் சேர்க்கையில் 5 விழுக்காடும் அரசுப் பணியில் 4 விழுக்காடும் இடஒதுக்கீடு தந்தது. எண்ணிக்கையைவிட முதன்மையானது அச்சட்டம் கொணர்ந்த ‘நியாயமான இசைவமைப்பு’ என்னும் கருத்து. தேவைக்கேற்ற மாற்றத்தை மறுப்பதே பாகுபாடு என்பது அதன் சாரம்.

உச்ச நீதிமன்றம் இக்கருத்தைத் தொடர்ந்து விரிவாக்கி வருகிறது. 2021இல் விகாஸ் குமார் வழக்கில், 40 விழுக்காடு என்னும் அளவை எட்டாதவருக்கும் எழுதுநர் உதவியை மறுக்கலாகாது என்றது. 2024இல் ராஜீவ் ரத்தூரி வழக்கில், அணுகல்தன்மைக்கான விதிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்திருந்த சட்டவிதியைச் செல்லாததாக்கி, கட்டாயத் தரங்களை வகுக்கப் பணித்தது. இத்தீர்ப்புகளால், ஊனமுற்றவருக்கு ஏற்பாடு செய்தல் நிறுவனத்தின் கருணையைச் சார்ந்தது என்னும் நிலை சட்டத்தளவில் முடிவுற்றுவிட்டது. சாய்தளம் அமைத்த கல்லூரி தன் கடமை முடிந்ததாகக் கருதுகிறது. வாயிலைக் கடந்து நூலகத்திற்குள் வந்த மாணவர்க்கு அங்குள்ள நூல்கள் எட்டுகின்றனவா என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

இரு மறுப்புகள்

இதற்கு இருவகை மறுப்புகள் எழலாம். முதலாவது, பொருள்வசதியின்மை. பழைய நூல்களை ஒருங்குறிக்கு மாற்றச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் இனி எழுதப்படும் கட்டுரையையும் ஆய்வேட்டையும் தொடக்கத்திலேயே ஒருங்குறியில் தட்டச்சு செய்யக் கூடுதல் செலவு இல்லை. மேலும், ஒருவருக்கென அமைத்த ஏற்பாடு பலர்க்கும் பயன்படுவதைத் தமிழ்ப் பதிப்புலகம் முன்பே கண்டுள்ளது. மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்துப் பதிப்பித்தது எளிய வாசகரை எண்ணி. அப்பதிப்புகள் ஆய்வாளர்க்கும் துணையாயின. செவியால் படிப்பவர்க்கும் சீர் பிரித்த பாடலினும் பதம் பிரித்த பாடலே விளங்கும். அவ்வாறே, ஒருங்குறியில் அமைந்த ஆய்வேடு பார்வையுள்ளவர்க்கும் தேடுவதற்கும் தொடரடைவு ஆக்குவதற்கும் உதவும்.

இரண்டாவது மறுப்பு, சுவடியியல், கல்வெட்டியல், பாடபேத ஆய்வு ஆகியவை கண்ணை நம்பிய துறைகள் என்பது. இத்துறைகளின் வரலாறே இதற்கு விடை கூறும். உ.வே.சாமிநாதையர் சுவடிகளை ஒப்புநோக்கியபோது ஒருவர் படிக்கப் பிறர் ஒத்துப் பார்த்தனர். பதிப்பு என்பது தொடக்கம் முதலே கூட்டுப்பணி. வரிவடிவத்தை ஒருவர் படிக்க, பாடத்தின் பொருத்தத்தையும் யாப்பின் அமைதியையும் செவியால் மற்றொருவர் தீர்மானிப்பதில் முரண் ஏதும் இல்லை. தளை தட்டுவதை முதலில் உணர்வது செவியே.

முடிவுரை

ஊனமுற்றோர் குறித்த சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன, தீர்ப்புகள் வந்துள்ளன, கருவிகளும் உள்ளன. இவற்றுக்கும் மாணவருக்கும் இடையே நிற்பது கல்விப்புலத்தின் அன்றாட நடைமுறை. தமிழாய்வுப் புலம் தன் அளவில் உடனே மேற்கொள்ளத்தக்கவை நான்கு. ஒருங்குறியில் அமையாத ஆய்வேட்டையும் கட்டுரையையும் ஏற்பதில்லை எனப் பல்கலைக்கழகங்களும் ஆய்விதழ்களும் விதி செய்தல். பாடத்திட்டத்தில் ஒரு நூலைச் சேர்க்கும்போதே அதன் படிக்கத்தக்க மின்வடிவம் உள்ளதா என்று பாடக்குழு உறுதி செய்தல். இலக்கண, யாப்புத் தேர்வுகளுக்கு மாற்று வினாமுறைகளை வகுத்தல். ஊனவியல் கலைச்சொற்களைப் பார்வையற்ற ஆய்வாளர்களையும் பிற ஊனமுற்ற ஆய்வாளர்களையும் உறுப்பினராகக் கொண்ட குழுவின் வழியே வரையறுத்தல்.

இவற்றுள் முதலாவதற்கு அரசாணையோ நிதியோ தேவையில்லை. இதழாசிரியர் குழுவின் ஒரு தீர்மானம் போதும். அது நிறைவேறும்வரை, ஊனவியல் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள், இக்கட்டுரை உட்பட, எவரைப் பற்றிப் பேசுகின்றனவோ அவர்களால் படிக்க இயலாதவையாகவே அச்சேறும் வாய்ப்பு நீடிக்கும்.